பகைவனின் கழுதை

உங்கள் கேள்வி இதுதான்: "யூத மதம் 'கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்' என்று சொன்ன மதம், வெறுப்பவனிடமும் அன்பு காட்டு என்ற பேச்சு அதற்கு அப்புறம் கிறிஸ்தவத்தில்தான் வந்தது என்று கேட்டு வளர்ந்தேன். அது சரியா? யூதச் சிந்தனையில் வெறுப்புக்கு அன்பால் பதில் சொல்வது என்ற எண்ணமே கிடையாதா?"

உண்டு. நிறையவே உண்டு. ஆனால் நாம் தேடுகிற இடத்தில் அது கிடைக்காது. அன்பு என்றதும் நாம் மனதைத் தேடிப் போவோம். யூத மரபோ நம் கையைப் பிடித்து இழுத்துப் போய், சுமையோடு விழுந்து கிடக்கும் ஒரு கழுதையின் முன்னால் நிறுத்துகிறது.

யூத வேத நூல்களில் ஒன்றான யாத்திராகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு வசனங்கள். உன் பகைவனின் மாடோ கழுதையோ வழிதவறிப் போவதைப் பார்த்தால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு என்பது முதல் வசனம். உன்னைப் பகைக்கிறவனின் கழுதை சுமையின் கீழ் விழுந்து கிடந்தால் விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து அதை விடுவி என்பது இரண்டாவது. கட்டளை இவ்வளவுதான். அவனை மன்னித்தாயா, அவன்மேல் உனக்கு இப்போது என்ன எண்ணம் என்றெல்லாம் அது கேட்கவில்லை. மூட்டையை இறக்கு என்கிறது.

இந்த ஒரு வசனத்தை ரபிகள், அதாவது யூத மத ஆசிரியர்கள், பல நூற்றாண்டுகள் கடைந்திருக்கிறார்கள். "அவனோடு சேர்ந்து" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, ரபிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா ஒரு நிபந்தனை சொல்கிறது. கழுதைக்காரன் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "உதவுவது உனக்குத்தானே கட்டளை, நீயே இறக்கிக்கொள்" என்றால், உனக்குக் கடமை இல்லை. அவன் வயதானவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் மட்டும் தனியாக நின்றாவது இறக்கத்தான் வேண்டும். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். பகைவனுக்கு உதவு, ஆனால் அவன் காலடியில் மிதியடியாகக் கிடக்க வேண்டியதில்லை. அவனும் ஒரு பக்கம் கை கொடுக்க வேண்டும்.

மிஷ்னாவையும் அதன்மேல் ரபிகள் நடத்திய விவாதங்களையும் கொண்ட தல்மூதில், பாவா மெட்சியா என்ற பகுதியில் இன்னொரு விதி வருகிறது. வழியில் இரண்டு கழுதைகள். ஒன்றிலிருந்து சுமையை இறக்க வேண்டும், இன்னொன்றில் ஏற்ற வேண்டும். எதற்கு முதலில் போவது? இறக்குவதற்குத்தான், ஏனென்றால் அங்கே ஒரு வாயில்லா ஜீவன் வலியில் கிடக்கிறது. சரி, இறக்க வேண்டிய கழுதை நண்பனுடையது, ஏற்ற வேண்டியது பகைவனுடையது என்றால்? அப்போது பகைவனிடம் போ என்கிறது தல்மூத். காரணம், உன் உள்ளே இருக்கும் உந்துதலை வளைப்பதற்காக. எபிரேய மொழியில் 'யெட்செர்' என்பார்கள், மனிதனைக் கீழே இழுக்கும் உந்துதல். விலங்கின் வலியைப் போக்குவது சின்ன விஷயம் இல்லை, அது தோராவே, அதாவது மோசேயின் ஐந்து நூல்களே, இட்ட கடமை என்று வாதிடுகிற சட்டம் அது. அப்படிப்பட்ட சட்டம் இங்கே வரிசையை மாற்றுகிறது என்றால், பகைவனுக்குக் கை கொடுப்பதை எவ்வளவு பெரிய வேலையாக நினைத்திருப்பார்கள்!

அந்த வேலை என்ன செய்யும் என்பதையும் ஒரு கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தன்ஹூமா என்ற மித்ராஷ் தொகுப்பில், அதாவது வேத வசனங்களுக்கு ரபிகள் சொன்ன விளக்கங்களின் தொகுப்பில், ரபி அலெக்சாந்திரி சொன்னதாக வருகிறது. ஒருவரை ஒருவர் வெறுக்கும் இரண்டு கழுதைக்காரர்கள் ஒரே பாதையில் போகிறார்கள். ஒருவனுடைய கழுதை படுத்துவிட்டது. மற்றவன் பார்த்தும் பாராததுபோல் கடந்துபோகிறான். கொஞ்ச தூரம் போன பிறகு அந்த வசனம் நினைவுக்கு வருகிறது, திரும்பி வருகிறான். இரண்டு பேரும் மூட்டையைப் பிடிக்கிறார்கள். அப்போது பேசாமல் இருக்க முடியுமா? "இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்து", "அந்தப் பக்கம் தூக்கு", "இங்கே இழுத்துக் கட்டு". பேச்சு அப்படித்தான் தொடங்குகிறது, கயிற்றையும் மூட்டையையும் பற்றி. சுமை ஏற்றி முடிந்ததும் சேர்ந்து நடக்கிறார்கள், வழியில் ஒரு சத்திரத்தில் நுழைந்து சாப்பிடுகிறார்கள். விழுந்த கழுதைக்காரன் மனதுக்குள் நினைக்கிறான்: இவன் என்னை வெறுக்கிறான் என்றல்லவா இருந்தேன்? எனக்காக எப்படி இரங்கினான் பார்.

இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பழைய சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கைகள் ஒரே கயிற்றைப் பிடித்தன, அவ்வளவுதான். இருபதாம் நூற்றாண்டில் ரபி எலியாஹு டெஸ்லர் இதையே ஒரு கொள்கையாக எழுதினார். நேசிப்பதால் கொடுக்கிறோம் என்று நினைக்கிறோம், உண்மையில் கொடுப்பதால்தான் நேசம் வளர்கிறது என்பது அவர் வாதம். குழந்தை வளர்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட 'கண்ணுக்குக் கண்' விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் யூதச் சட்டமே இதை முடித்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தல்மூதின் பாவா கம்மா பகுதியில் ரபிகள் அந்த வசனத்தைப் பணமாக ஈடு கொடுப்பது என்றே விளக்குகிறார்கள். ஒருவனைக் காயப்படுத்தியவன் ஐந்து கணக்கில் பணம் தர வேண்டும்: உறுப்பின் இழப்பு, வலி, வைத்தியச் செலவு, வேலைக்குப் போகமுடியாத நாட்களின் கூலி, அவமானம். யாரும் யார் கண்ணையும் பிடுங்குவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மத்தேயு நற்செய்தியில் "அயலானைச் சிநேகி, சத்துருவைப் பகை என்று சொல்லப்பட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு வரி வரும். அதில் முதல் பாதி லேவியராகமத்தில் உள்ளது. இரண்டாம் பாதி, பகைவனைப் பகை என்ற கட்டளை, தோராவில் எங்குமே இல்லை. அதற்கு நெருக்கமான ஒன்று சாக்கடல் ஓரம் கும்ரானில் 1947இல் கிடைக்கத் தொடங்கிய சுருள்களில் இருக்கிறது. ஒளியின் பிள்ளைகளை நேசி, இருளின் பிள்ளைகளை வெறு என்று அங்கே ஒதுங்கி வாழ்ந்த குழுவின் விதி சொல்கிறது. அந்தக் குழு அழிந்துபோனது. பின்னால் யூத மரபாக வளர்ந்தது ரபிகளின் வழி.

அந்த 'அயலானை நேசி' வசனத்தைத் தனியாகப் பிய்த்து எடுக்காமல் சுற்றியுள்ள வரிகளோடு படித்துப் பாருங்கள். லேவியராகமம் 19ஆம் அதிகாரம், 17, 18 வசனங்கள். உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்து பேசு, பழிவாங்காதே, வன்மம் வைக்காதே, உன்னைப்போல் அவனை நேசி. நேசி என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் நான்கு படிகள், நான்கும் வெறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் வைத்த படிகள்.

பழிவாங்குவதற்கும் வன்மம் வைப்பதற்கும் என்ன வித்தியாசம்? தல்மூத் அரிவாளையும் கோடரியையும் வைத்துச் சொல்கிறது. "உன் அரிவாளைக் கொஞ்சம் கொடு" என்று பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்கிறாய், அவன் தரமாட்டேன் என்கிறான். மறுநாள் அவன் உன்னிடம் வந்து கோடரி கேட்கிறான். "நீ நேற்று அரிவாள் தரவில்லை, நானும் தரமாட்டேன்" என்றால் அது பழிவாங்குவது. "இந்தா எடுத்துக்கொள், நான் உன்னைப் போல ஆள் இல்லை" என்று சொல்லிக் கொடுத்தால் அது வன்மம். இரண்டும் தடைதான். இரண்டாவதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கோடரியைக் கொடுத்துவிட்டோம், நல்லவனாகிவிட்டோம் என்று நாம் நிறைவடைகிற இடம் அதுதான். கோடரியோடு சேர்த்து ஒரு குத்தலையும் கொடுத்திருக்கிறோம்.

'உள்ளத்தில் பகைக்காதே' என்பதையும் ரபிகள் உன்னிப்பாகப் பார்த்தார்கள். வெளியில் சிரித்துக்கொண்டு உள்ளே வைத்திருக்கும் பகைதான் இங்கே தடை செய்யப்படுவது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதை நடைமுறைச் சட்டமாக்கினார். ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் மௌனமாக வெறுத்துக்கொண்டு இருக்காதே, நேரில் போய்க் கேள்: ஏன் இப்படிச் செய்தாய்? அவர் எடுத்துக்காட்டுவது தாவீது அரசனின் மகன் அப்சலோமை. தன் தங்கை தாமாரைக் கெடுத்த, மாற்றாந்தாய் மகனான அம்னோனிடம் அப்சலோம் நல்லதும் பேசவில்லை, கெட்டதும் பேசவில்லை என்று வேதம் சொல்கிறது. இரண்டு வருஷம் அந்த மௌனம் நீடித்தது. அப்புறம் ஆட்டுமயிர் கத்தரிக்கும் விழாவுக்கு அழைத்து, ஆள் வைத்து அம்னோனைக் கொன்றான்.

ஆகவே யூத மரபில் அன்பின் முதல் வடிவம் பெரும்பாலும் ஒரு சங்கடமான உரையாடல்தான். நீ செய்தது எனக்கு வலித்தது என்று முகத்துக்கு நேரே சொல்வது. அதுவும் தனியாக, மென்மையாக, அவன் முகம் வெளுக்கும்படி நாலு பேர் முன்னால் வைத்து அல்ல.

பேசியும் பயனில்லாதபோது, அல்லது பேசவே முடியாத ஆட்களாக இருக்கும்போது என்ன செய்வது? இதற்குத் தல்மூதில் மூன்று கதைகள் இருக்கின்றன. மூன்றுமே தெருவில் தொல்லை கொடுக்கும் ரவுடிகளைப் பற்றியவை. அரசர்களையும் பேரரசுகளையும் விட்டுவிட்டுப் பக்கத்துத் தெரு ரவுடியை எடுத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். பகை என்பது நமக்கெல்லாம் பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தானே இருக்கிறது.

முதல் கதை ரபி மேயிரும் அவர் மனைவி பெரூரியாவும். ரவுடிகளின் தொல்லை தாங்காமல் அவர்கள் சாகட்டும் என்று மேயிர் பிரார்த்திக்கிறார். பெரூரியா தடுக்கிறாள். எந்த வசனத்தை நம்பி இப்படிக் கேட்கிறீர்கள்? சங்கீதம் 104இன் கடைசியில் வருவதையா? அங்கே 'பாவிகள் ஒழியட்டும்' என்றா இருக்கிறது, 'பாவங்கள் ஒழியட்டும்' என்றல்லவா இருக்கிறது! எபிரேய எழுத்தில் உயிர்க்குறிகள் இல்லாமல் எழுதினால் இரண்டு சொற்களும் ஒரே மாதிரி இருக்கும், வாசிப்பவர் எப்படி வாசிக்கிறார் என்பதில்தான் எல்லாம். பெரூரியா இன்னும் ஒரு படி போகிறாள். அந்த வசனத்தின் முடிவைப் பாருங்கள், 'துன்மார்க்கர் இனி இல்லாமல் போவார்கள்' என்கிறது. பாவம் ஒழிந்துவிட்டால் துன்மார்க்கர் எங்கிருந்து வருவார்கள்? ஆகவே அவர்கள் திருந்த வேண்டும் என்று கேளுங்கள். மேயிர் அப்படியே கேட்டார், அவர்கள் திருந்தினார்கள் என்று கதை முடிகிறது.

இரண்டாவது கதை, மழை வேண்டி அறிஞர்கள் தேடி வந்த அபா ஹில்கியாவின் வீட்டில். அவரும் மனைவியும் மாடிக்கு ஏறி ஆளுக்கொரு மூலையில் நின்று பிரார்த்திக்கிறார்கள். மேகம் முதலில் மனைவி நின்ற பக்கத்திலிருந்து எழுகிறது. ஏன் என்று வந்தவர்கள் கேட்கிறார்கள். அவர் காரணம் சொல்கிறார்: அவள் வீட்டில் இருக்கிறாள், ஏழைக்கு உடனே சாப்பிடும்படி அப்பமாகவே கொடுக்கிறாள், நான் காசு கொடுக்கிறேன். அப்புறம் இன்னொன்று, எங்கள் பக்கத்தில் சில ரவுடிகள் இருந்தார்கள். நான் அவர்கள் சாக வேண்டும் என்று வேண்டினேன், அவள் திருந்த வேண்டும் என்று வேண்டினாள்.

ஊரே போற்றும் ஒரு மகான், தன் வேண்டுதல் மனைவியின் வேண்டுதலைவிடக் கீழானது என்று வெளியூர்க்காரர்களிடம் ஒப்புக்கொள்கிறார். இரண்டு கதைகளிலும் சரியான பிரார்த்தனையைக் கண்டுபிடித்தது மனைவிதான். தல்மூதை எழுதியவர்கள் ஆண்கள். அவர்களே இதை இப்படிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கதைதான் என் மனதுக்கு மிக நெருக்கம். ரபி செய்ராவின் பக்கத்தில் இருந்த ரவுடிகளை அவர் ஒதுக்கவில்லை, தன்னருகே சேர்த்துக்கொண்டார், என்றாவது திரும்புவார்கள் என்று. மற்ற ரபிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை யாரும் திருந்தியதாகத் தெரியவில்லை. அவர் இறந்த பிறகு அந்த ரவுடிகள் பேசிக்கொண்டார்கள்: "இதுவரை அந்தக் கால் தீய்ந்த குள்ளன் நமக்காக இரக்கம் கேட்டுக்கொண்டிருந்தான். இனி யார் கேட்பார்கள்?" அதை யோசித்து மனம் மாறினார்கள். அவரைக் குறிப்பிட அவர்கள் பயன்படுத்திய பெயரைப் பாருங்கள், அது ஒரு பட்டப்பெயர், கேலிப் பெயர். அவர் காட்டிய அன்புக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த கைமாறு அதுதான்போல. பலன் அவர் போன பிறகு வந்தது.

இதுவரை படித்துவிட்டு, யூத மரபில் எல்லாமே அன்புமயம் என்று நீங்கள் நினைத்தால் நான் உங்களை ஏமாற்றியதாகும். இஸ்ரவேலரைத் தாக்கிய பகை இனமான அமலேக்கின் நினைவை அழித்துவிடு என்ற கட்டளை உபாகமத்தில் இருக்கிறது. பாபிலோனின் குழந்தைகளைப் பாறையில் மோதச் சொல்லும் கசப்பு 137ஆம் சங்கீதத்தின் கடைசியில் இருக்கிறது. கடவுளைப் பகைப்பவர்களை நான் முழுப் பகையாய்ப் பகைக்கிறேன் என்று இன்னொரு சங்கீதம் பாடுகிறது. உன்னைக் கொல்ல வருபவனை நீ முந்திக்கொண்டு கொல் என்பது தல்மூதின் சட்டம். தற்காப்பு கடமை, அதை அன்பின் பேரால் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த வரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுப்பை வளர்ப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வாசிப்பு தவறு என்றே நான் நினைக்கிறேன், ஆனால் வரிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மரபு இந்த வரிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறது. எஸ்தர் கதையில் யூதர்களை ஒட்டுமொத்தமாகக் கொல்லத் திட்டமிட்ட ஆமான், அமலேக்கின் வழிவந்தவன் என்பது ரபிகளின் கணக்கு. அவனுடைய வம்சத்தில் வந்தவர்கள் பெனே பெராக் என்ற ஊரில் தோரா படித்தார்கள் என்று அதே தல்மூத் சொல்கிறது. அழிக்கப்பட வேண்டியவனின் பேரன்களைப் பள்ளி மாணவர்களாக உட்கார வைத்துவிட்டார்கள். எகிப்தியனை வெறுக்காதே, அவன் நாட்டில் நீ அந்நியனாய் இருந்தாய் என்று உபாகமம் சொல்கிறது. அடிமைப்படுத்தி, ஆண் குழந்தைகளை நதியில் போட்ட எகிப்தைப் பற்றிய பேச்சு இது. செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது தேவதூதர்கள் பாடத் தொடங்கினார்கள், "என் கைகளின் படைப்பு கடலில் மூழ்குகிறது, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா?" என்று கடவுள் கேட்டார் என்கிறது தல்மூத். கரையேறிய மோசேயும் மக்களும் பாடினார்கள், அவர்களை யாரும் தடுக்கவில்லை. உயிர் தப்பியவன் பாடலாம். வேடிக்கை பார்த்தவன் பாடக் கூடாது. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பஸ்கா இரவில், எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. பகைவன் பட்ட துன்பத்தால் நம் கிண்ணம் குறைகிறது என்று பல வீடுகளில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிறார்கள்.

கழுதையின் சொந்தக்காரனைப் பற்றியே ஒரு சிக்கலான விவாதம் உண்டு. சக யூதனைப் பகைப்பதே தடை என்றால் 'உன்னைப் பகைக்கிறவன்' என்று தோரா யாரைச் சொல்கிறது? அவன் ஒரு கொடிய பாவத்தைச் செய்வதை நீ கண்ணால் பார்த்தாய், ஆகவே அவனைப் பகைக்க உனக்கு அனுமதி உண்டு, அப்படிப்பட்டவனைத்தான் என்கிறது தல்மூதின் இன்னோர் இடம். அப்படியானால் மனதை ஏன் வளைக்க வேண்டும், அந்தப் பகைதான் நியாயமான பகையாயிற்றே என்று இடைக்காலத்து உரையாசிரியர்கள் கேட்டார்கள். அவர்கள் பதில் மனிதர்களை நன்றாக அறிந்த பதில். நீ அவனை நியாயத்தோடு வெறுத்தாலும், அவன் உன்னைத் திரும்ப வெறுப்பான். தண்ணீரில் முகத்துக்கு முகம் தெரிவதுபோல மனதுக்கு மனம் என்கிறது நீதிமொழிகள். அவன் வெறுப்பைப் பார்த்து உன் வெறுப்பு வளரும், நியாயமாகத் தொடங்கியது சொந்தப் பகையாக முடியும். அந்தச் சங்கிலியை வெட்டத்தான் கழுதையிடம் போகச் சொல்கிறது சட்டம்.

ஹபாத் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய ரபி ஷ்னேயூர் சல்மான் 1796இல் வெளிவந்த தன்யா நூலின் 32ஆம் அதிகாரத்தில் இதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோகிறார். எபிரேய எண்கணக்கில் 32 என்றால் 'லேவ்', இதயம். பகைக்க அனுமதி உள்ளவனிடமும் அன்பு காட்டுவது கடமை, இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்கிறார். அவனிடம் உள்ள தீமையை வெறு, அவனுக்குள் மறைந்திருக்கும் நன்மையின்மேல் இரக்கம் கொள். அன்பின் கயிறுகளால் இழுத்தால் ஒருவேளை வருவான். வராவிட்டால்? நேசித்ததன் பலன் எப்படியும் வீணாகவில்லை. அந்த 'ஒருவேளை'யில்தான் முழு நம்பிக்கையும் நிற்கிறது.

மன்னிப்பு விஷயத்தில் யூத மரபு கிறிஸ்தவத்திலிருந்து கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது, இதை மறைக்க வேண்டியதில்லை. மனிதனுக்கு மனிதன் செய்த தீங்கை, பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூர் கழுவாது, பாதிக்கப்பட்டவனிடம் போய் அவனைச் சமாதானப்படுத்தினால்தான் கழுவும் என்கிறது மிஷ்னா. அவனுக்குப் பதிலாக வேறு யாரும் மன்னிக்க முடியாது. கொலை செய்யப்பட்டவன் திரும்பி வந்து மன்னிக்கப் போவதில்லை. நாஜிகள் கொன்ற 60 லட்சம் பேரின் சார்பில் மன்னிப்பு வழங்க யாருக்கும் உரிமை இல்லை என்று பல யூதர்கள் சொல்வது வன்மத்தால் அல்ல, இந்தச் சட்டத்தால். வெறுப்புக்கு அன்பைப் பதிலாகக் கொடு என்று பாதிக்கப்பட்டவனிடம் வெளியிலிருந்து யாரும் கேட்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம். அது அவனாகக் கொடுப்பது.

ஆனால் மன்னிப்புக்குக் கதவைத் திறந்து வைக்கலாம். அதே ரபி செய்ரா, தனக்குத் தீங்கு செய்தவன் இருக்கும் இடத்தின் முன்னால் வேண்டுமென்றே இப்படியும் அப்படியுமாக நடப்பாராம், அவனுக்கு வந்து பேச ஒரு வாய்ப்புக் கிடைக்கட்டும் என்று. இந்தக் கதைக்குப் பக்கத்திலேயே ஒரு பயங்கரமான கதையையும் தல்மூத் வைத்திருக்கிறது. ரவ் என்ற பெரிய அறிஞருக்கு ஒரு கசாப்புக்காரனோடு மனத்தாங்கல். யோம் கிப்பூருக்கு முதல் நாள் வரை அவன் வரவில்லை. சரி, நானே போய்ச் சமாதானம் செய்கிறேன் என்று ரவ் கிளம்புகிறார். வழியில் மாணவர் ரவ் ஹூனா பார்க்கிறார், எங்கே போகிறார் என்று தெரிந்ததும், "அபா ஒருவனைக் கொல்லப் போகிறார்" என்கிறார். அபா என்பது ரவின் இயற்பெயர். கசாப்புக்காரன் உட்கார்ந்து ஒரு விலங்கின் தலையைப் பிளந்துகொண்டிருக்கிறான். நிமிர்ந்து பார்த்து, "அபாவா? போ, உன்னோடு எனக்குப் பேச்சில்லை" என்கிறான். திரும்ப வெட்டும்போது ஒரு எலும்பு தெறித்துத் தொண்டையில் பட்டுச் செத்துப்போகிறான்.

இந்தக் கதையை எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ரவ் நல்லெண்ணத்தோடுதான் போனார். ஆனால் ஊரறிந்த பெரியவர் வாசலில் வந்து நிற்கும்போது எதிரில் இருப்பவன்மேல் விழும் பாரம் சாதாரணமானதா? அவன் தயாராக இல்லை. செய்ராவோ வாசலில் நிற்கவில்லை, கடந்துபோனார், திரும்பி வந்தார், பேசுவதா வேண்டாமா என்பதை அவன் கையில் விட்டார். என் வாசிப்பில் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ரபிகள் இதையெல்லாம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் ஒரு பெரிய காயம் இருக்கிறது. பொது ஆண்டு 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை எரித்தார்கள். ஏன் அழிந்தது என்ற கேள்விக்கு ரோமின் படைபலத்தைக் காரணம் சொல்லி ரபிகள் நகர்ந்துவிடவில்லை. 'சினாத் ஹினாம்', காரணமில்லாத வெறுப்பு, எங்களுக்குள் எங்கள்மேலேயே இருந்தது என்றார்கள். அதற்குச் சொல்லும் கதை ஒரு விருந்துக் கதை. ஒருவன் தன் நண்பன் கம்சாவை அழைக்க ஆள் அனுப்ப, வேலைக்காரன் பெயர் குழம்பி அவன் பகைவன் பார் கம்சாவை அழைத்துவிடுகிறான். விருந்துக்காரன் எழுந்து போகச் சொல்கிறான். வந்தது வந்துவிட்டேன், நான் சாப்பிடுவதற்குக் காசு தருகிறேன், அவமானப்படுத்தாதே என்கிறான் பார் கம்சா. முடியாது. பாதி விருந்தின் செலவைத் தருகிறேன். முடியாது. முழு விருந்துக்கும் தருகிறேன். முடியாது. கையைப் பிடித்து வெளியே தள்ளுகிறான். அங்கே அறிஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் வாய் திறக்கவில்லை. அவமானப்பட்டவன் நேரே ரோமர்களிடம் போகிறான்.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலப் பாலஸ்தீனத்தில் அஷ்கெனாசிகளின், அதாவது ஐரோப்பிய மரபு யூதர்களின், முதல் தலைமை ரபியாக இருந்த ஆபிரகாம் ஐசக் குக் (1865-1935) இந்த நினைவை வைத்து எழுதிய வரி பின்னால் பலர் வாயிலும் வழங்குகிறது: காரணமில்லாத வெறுப்பால் நாம் அழிந்தோம், நம்மோடு உலகமும் அழிந்தது என்றால், காரணமில்லாத அன்பால் நாம் மறுபடி கட்டப்படுவோம், நம்மோடு உலகமும் கட்டப்படும்.

இதெல்லாம் பழைய ஏட்டுக் கதைகள்தானே, நிஜத்தில் யாராவது செய்தார்களா என்று கேட்பீர்கள். செய்தார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரம், 1991. மைக்கேல் வைசர் என்பவர் அங்கே ஜெப ஆலயத்தில் பாடி வழிபாடு நடத்துபவராகப் புதிதாக வந்து, மனைவி ஜூலியோடும் பிள்ளைகளோடும் குடியேறுகிறார். ஜூனில் ஒரு நாள் தொலைபேசியில் ஒரு குரல், இந்த வீட்டுக்கு வந்ததற்கு வருந்துவாய் என்று. அப்புறம் தபாலில் வெறுப்புத் துண்டறிக்கைகள், வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளான் உன்னைக் கவனிக்கிறது என்ற குறிப்போடு. அனுப்பியவர் லாரி டிராப், அந்த மாநிலக் கிளானின் தலைவர். நீரிழிவால் கால்களை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், பார்வையும் மங்கிக்கொண்டிருந்தது.

வைசர் டிராப்பின் எண்ணுக்கு அழைத்துப் பதிவு இயந்திரத்தில் செய்தி விடத் தொடங்கினார். பணிந்து போகும் செய்திகள் அல்ல, கேள்விகள். நாஜிகளை ஏன் இவ்வளவு நேசிக்கிறாய், ஊனமுற்றவன் என்று உன்னைத்தானே முதலில் கொன்றிருப்பார்கள்? லேவியராகமம் சொல்லும் 'கடிந்து பேசு' என்பதைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார். ஒருவேளை அவன் எடுத்துப் பேசினால் ஏதாவது உதவி செய்வதாகச் சொல்லுங்கள் என்று ஜூலி யோசனை சொன்னாள். ஒரு நாள் டிராப் கோபத்தோடு எடுத்தார். என்ன வேண்டும் உனக்கு? வைசர் சொன்னார்: உங்களால் நடக்க முடியாது என்று கேள்விப்பட்டேன், மளிகைக் கடைக்குப் போக வண்டி வேண்டுமானால் நான் கூட்டிப் போகிறேன்.

கொஞ்ச நேரம் மௌனம். அதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது, கேட்டதற்கு நன்றி, இனி இந்த எண்ணுக்கு அழைக்காதே என்று டிராப் வைத்துவிட்டார்.

சில காலம் கழித்து அவரே அழைத்தார். இதிலிருந்து வெளியே வர வேண்டும், எப்படி என்று தெரியவில்லை. வைசரும் ஜூலியும் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். டிராப் விரல்களில் இருந்த ஸ்வஸ்திகா மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்து அழுதார். அந்த ஆண்டு நவம்பரில் கிளானை விட்டு விலகினார், தான் மிரட்டியவர்களிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். உடல்நிலை மோசமானபோது வைசர் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தது. ஜூலி தன் வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டாள். 1992 ஜூனில், தான் ஒரு காலத்தில் குண்டு வைக்க நினைத்திருந்த அதே ஜெப ஆலயத்தில் அவர் யூத மதத்தைத் தழுவினார். செப்டம்பரில் வைசர் வீட்டிலேயே இறந்தார்.